மைக் செட் அண்ணியும் வீட்டு வரியும்

நாத்தனார் வாயால் அண்ணிக்குப் பாராட்டா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணிக்கும் எனக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஆயிரம் உண்டு. துணி காயப்போடுவதில் ஒத்துப்போகாது, உப்புப் போடுவதில் ஒத்துப்போகாது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் இந்த ஊரில் முதுகெலும்பு உள்ள ஆள் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவளைத்தான் காட்டுவேன்.

எங்களுடையது மைக் செட் வாடகைக்கு விடும் கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அலமாரியில் ஆம்ப்ளிபையர்கள், சுவர்க் கொக்கிகளில் வயர்ச் சுருள்கள், விட்டத்திலிருந்து தொங்கும் குழாய் ஸ்பீக்கர்கள். புதிதாக வருகிறவர்கள் ஒருமுறையாவது அதில் மண்டையை இடித்துக்கொள்ளாமல் போனதில்லை. அறை முழுக்கச் சூடான தூசி வாசனை அடிக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பெட்டி ஸ்பீக்கர் மேல் துணியைப் போட்டு உட்காரச் சொல்வோம். நாற்காலி வாங்க வேண்டும் என்று நான் சொல்லாத நாளில்லை, அது வேறு கதை.

தொழில் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு அண்ணன் எடுத்தான். ஏணியில் ஏறிக் குழாய் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே குழாய்க்குப் பக்கத்தில் நின்று நின்று அவனுக்கு ஒரு காது போய்விட்டது. சத்தம் நன்றாக இருக்கிறதா, கரகரக்கிறதா என்று அவனுக்குப் பிடிபடாது. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "முன்னாடி இடது பக்கம் இருக்கற ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குங்க" என்றாள். அண்ணன் கழற்றிப் பார்த்தான். கிழிந்துதான் இருந்தது. அன்றிலிருந்து ஏணி அவனுக்கு, ஆம்ப்ளிபையர் அவளுக்கு. பொம்பளை மைக் செட் போடுகிறாளா என்று கொஞ்ச நாள் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு வாய் வலித்து மூடிக்கொண்டார்கள்.

நான் அங்கே எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அண்ணன் பேயறைந்த மாதிரி நின்றான். அண்ணி என் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "நாளைக்கு ஒரு ஸ்கூல்ல விளையாட்டு விழா இருக்கு, வயர் சுருட்ட ஆளில்ல, வர்றியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று இன்று வரை கேட்டதில்லை. அதற்காகவே அவள் போடும் உப்பைப் பொறுத்துக்கொள்கிறேன்.

தொழிலில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. மைக் போடுகிறவளுக்குக் கருத்து கிடையாது. யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம், எல்லோருக்கும் ஒரே சத்தம். ஒரு தேர்தல் சமயத்தில் ஒருவர் வந்து, எதிராளி பேசும்போது கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து வை என்று காதைக் கடித்தார். அண்ணி எழுந்தாள். ஆம்ப்ளிபையரை அணைத்தாள், வயரைப் பிடுங்கினாள், மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கூட்டத்தை அவர்கள் தொண்டை கிழியக் கத்தி நடத்திக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்தச் சங்கமாக இருந்தாலும், எங்கள் வீட்டுப் படிதான் ஏறினார்கள். அதுதான் எங்கள் சோறு.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் சொல்லாவிட்டால் கதை இல்லை. வேலைக்குப் போகும் நாளில் அண்ணி தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒரு மடக்குக்கூடக் கிடையாது. கடைத்தெருவில் பெண்கள் ஒதுங்க இடம் இல்லை. நகரசபை கட்டிய கழிப்பறை ஒன்று இருக்கிறது. அதைப் பராமரிக்கப் பணம் இல்லை என்று பூட்டி வருடக்கணக்காகிவிட்டது. பூட்டு துருப்பிடித்து, வாசலில் யாரோ உடைந்த தள்ளுவண்டியை நிறுத்திவைத்திருந்தார்கள். அண்ணிக்கு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வந்து படுத்தபோது டாக்டரம்மா, "நிறையத் தண்ணி குடிக்கணும், அடக்கி வைக்கவே கூடாது" என்று திட்டி அனுப்பினார். அண்ணி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள், பழையபடி வறண்ட வாயோடு. கடைத்தெருவில் வேலை செய்யும் எல்லாப் பெண்களும் இப்படித்தான். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் நகரசபை வரியை உயர்த்தப் போகிறேன் என்றது. வீட்டு வரி, கடை வரி இரண்டும். ஊர் கொதித்துப் போயிற்று. பஸ் ஸ்டாப்பில் அதே பேச்சு, முடிவெட்டும் கடையில் அதே பேச்சு. சொந்த வீடு இல்லாதவர்தான் எல்லோரையும் விட அதிகமாகக் கத்தினார். வாடகையை ஏற்றிவிடுவார்களே என்று அவருக்குப் பயம், அதில் நியாயம் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரோ, வாடகையை ஏற்ற ஒரு சாக்குக் கிடைத்தது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டே வெளியில் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கொடுக்கிற வரிக்கே தெருவிளக்கு எரியவில்லை, இதில் இன்னும் கொடுக்கணுமா என்றார் ஒருவர். கொடுக்காததால்தான் எரியவில்லை என்றார் இன்னொருவர். இருவரும் அண்ணன் தம்பி, அதன் பிறகு ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

எதிர்ப்புக்குத் தலைமை கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். கடைத்தெரு முனையில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் பெரிய கடை அவருடையது, அதனால் ஊரில் ஆணிக்கடைக்காரர் என்றுதான் பெயர். நகரசபைத் தலைவருக்கு ஊர் வைத்த பெயர் சிரிச்சமூஞ்சி. வீடு எரிந்தாலும் சிரித்துக்கொண்டே வந்து விசாரிப்பார். இரண்டு பேருக்கும் நாங்கள்தான் மைக். ஒரு சாயங்காலம் வரி ஏற வேண்டும் என்று கூட்டம், மறு சாயங்காலம் ஏறக் கூடாது என்று கூட்டம், அதே குழாய், அதே ஸ்டாண்டு. இரண்டையும் கேட்டுக் கேட்டு என் தலை வெடித்தது. "அண்ணி, இதுல யார் சொல்றது சரி?" என்று ஒரு நாள் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் தொண்டை நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், கூடுதல் வரியில் என்னென்ன செய்யப் போகிறோம் என்று நகரசபை சொன்னதில் கடைசியாக, மூடிய கழிப்பறையைத் திறப்பதும் இருந்தது. அதை ஒரு கூட்டத்திலாவது யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே? சிரிச்சமூஞ்சி 'அடிப்படை வசதிகள்' என்று பூசி மெழுகினார். ஆணிக்கடைக்காரர் 'வீண் செலவுகள்' என்று ஒரே தள்ளாகத் தள்ளினார். மைக்கில் சொல்லக்கூடாத வார்த்தை என்று இரண்டு பேரும் நினைத்திருக்க வேண்டும்.

கடைசியில் நகரசபை மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், முடிவில் கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள், அதன்படிதான் நடப்போம் என்று தலைவர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். மண்டபம் கொள்ளாது என்பதால் வெளியே கடைத்தெரு முழுக்கக் குழாய் கட்டச் சொன்னார்கள். கடையை விட்டு வர முடியாதவர்களும் கேட்கட்டும் என்று.

இங்கே அண்ணியின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்ற மைக் செட்காரர்கள் மாதிரி 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்று சொல்லி அவள் சோதிக்க மாட்டாள். "மேடையில வந்து யாராவது ஒன் டூ த்ரீன்னு பேசுவாங்களா? பேசற மாதிரி பேசினாத்தான் எப்படிக் கேக்கும்னு தெரியும்" என்பாள். அதனால் கூட்டம் வருவதற்கு முன்னால், மண்டபத்து ஸ்பீக்கரை மட்டும் போட்டுவிட்டு, மைக்குக்கு முன்னால் நின்று அவளும் நானும் வீட்டுக் கதை பேசுவோம். அரிசி தீர்ந்தது, குழாயடியில் சண்டை, எதிர்வீட்டுக்காரியின் புதுச் செருப்பு எல்லாம் அதில் வரும். வெளிக் குழாய்களைக் கடைசியில்தான் இணைப்போம்.

அன்றைக்கு அண்ணன் மொட்டைமாடியில் வெளிக் குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தான். நல்ல வெயில். சீக்கிரம் இறங்கிவிடலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் அங்கேயே இணைப்பைக் கொடுத்துவிட்டான். கீழே எங்களுக்குத் தெரியாது.

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "இதக் குடிங்க அண்ணி. உதடு வெடிச்சுக் கிடக்கு."

"வேணாம்டி. குடிச்சிட்டு எங்க போறது?"

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, மறந்துபோச்சா?"

"அவங்களுக்கென்ன, ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு." அண்ணி ஆம்ப்ளிபையரில் ஒரு குமிழைத் திருகினாள், குரல் கொஞ்சம் கனத்தது. "நீயே சொல்லு. இந்த ஆம்பளைங்க மாசக்கணக்கா வரி வரின்னு கத்தறாங்களே, ஒருத்தராவது கக்கூஸ்னு வாயத் திறந்தாங்களா? சிரிச்சமூஞ்சிக்கு அது அடிப்படை வசதி. ஆணிக்கடைக்காரருக்கு அது வீண் செலவு. ஏன் சொல்ல மாட்டார்? அவர் கடைக்குப் பின்னால சுவர் இருக்கு, போய் நின்னுட்டு வந்துடறார். நம்மளுக்கு எந்தச் சுவர் இருக்கு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கும் வேகம் வந்துவிட்டது.

"அந்தப் பூட்டைத் திறக்கறேன்னு சொல்லட்டும், கூடுதல் வரிய நான் முதல் ஆளா கட்டறேன். திறக்கலேன்னா இப்ப கட்டறதே தண்டம்."

மொட்டைமாடியிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "நல்லா கேக்குது! நாலு தெருவுக்கும் கேக்குது! இது போதும்!"

அண்ணியின் கை குமிழிலேயே நின்றது. நான் ஜன்னல் பக்கம் ஓடினேன். கடைத்தெரு அப்படியே நின்றிருந்தது. தராசைப் பிடித்த கை பிடித்தபடி, சைக்கிளில் போனவர் ஒரு காலை ஊன்றியபடி. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒரு நிமிடப் பேச்சில் அண்ணி இத்தனை வருடம் கட்டிக் காத்த சட்டம் போயிற்று. மைக் செட்காரிக்கும் கருத்து உண்டு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவர் சிரிச்சமூஞ்சி. முகமெல்லாம் பல். "பிரமாதம்மா! மக்கள் குரல்னா இதுதான். கூட்டத்துல இதையே கொஞ்சம் விரிவா சொல்லிடு" என்றார். அண்ணி ஆம்ப்ளிபையரைத் துடைக்கத் தொடங்கினாள்.

அடுத்து வந்தார் ஆணிக்கடைக்காரர். முகம் சிவந்து, சட்டை வியர்வையில் ஒட்டி, பின்னால் சங்கத்து ஆட்கள். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூடச் சுவரைக் காட்டிச் சிரித்திருக்கும்.

"உன்னை நம்பி மைக் வேலை கொடுத்தா, என் மானத்தை வாங்கிட்ட இல்ல?" என்றார். "இப்ப கூட்டம் தொடங்கினதும் இதே மைக்ல சொல்லணும். வாய் தவறிடுச்சு, அது என் கருத்தே இல்லன்னு. சொல்லிட்டா விட்டுடறேன். சொல்லலேன்னா இனிமே எங்க சங்கத்துக் கடை ஒண்ணுலகூட உன் குழாய் கட்டாது. யோசிச்சுக்க."

அது சும்மா மிரட்டல் இல்லை. கடை திறப்பு, தள்ளுபடி அறிவிப்பு, சங்கத்து ஆண்டு விழா என்று எங்கள் அடுப்பு பாதிக்கு மேல் சங்கத்து வேலையில்தான் எரிந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயம் புரிந்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் என்னாலதான்," என்றான். தாழ்ந்த குரலில் சொல்வதாக அவன் நினைப்பு, மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஒரு வார்த்தை சொல்லிடும்மா. வாய் தவறினதா இருக்கட்டுமே. என்ன குறைஞ்சுடப்போகுது?"

"வாய் தவறலீங்க," என்றாள் அண்ணி. "வயர்தான் தவறிடுச்சு."

"எனக்காக."

அண்ணி அண்ணன் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை. சண்டை போடுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கடைசியில் அவன் சொன்னதைச் செய்துவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். நான் மட்டும் என்ன, நானும் அவள் புடவையை இழுத்து, "சொல்லித் தொலைச்சிடுங்க அண்ணி, சோத்துக்கு வழி வேணுமே" என்றேன். அவள் மைக் ஸ்டாண்டின் உயரத்தைச் சரி செய்தாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. எள் போட்டால் எள் விழாது. தலைவர் கூட்டத்தைத் தொடங்கி வைத்ததும் ஆணிக்கடைக்காரர் எழுந்து, "முதல்ல மைக் செட்டம்மா ஒரு விளக்கம் சொல்லணும்" என்றார். ஆயிரம் பேச்சாளர்களுக்கு மைக் வைத்தவள் அன்றுதான் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு முன்னால் மைக்கில் நின்றாள். தொண்டையைக் கனைக்கவில்லை. 'பெரியோர்களே தாய்மார்களே' இல்லை.

"செயலாளர் ஐயாவைப் பத்திச் சொன்னது தப்பு," என்றாள். "ஒருத்தர் அவசரத்தை நாலு தெரு கேக்க வெச்சது தப்பு. அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன். வேணும்னு செய்யல."

ஆணிக்கடைக்காரர் தலையை ஆட்டினார். அண்ணன் பெருமூச்சு விட்டான். முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"மத்ததெல்லாம் என் கருத்து. கேக்காத இடத்துல கேட்டுடுச்சு, அவ்வளவுதான். இப்ப கேக்கற இடத்துலயே சொல்லிடறேன். நான் வேலைக்கு வந்தா தண்ணி குடிக்கறதில்ல. ஏன்னா போறதுக்கு இடம் இல்ல. அந்தப் பூட்டைத் திறந்து, கூட்டி, தண்ணி ஊத்தி, ஆள் போட்டு வெச்சா, நான் கூடுதல் வரி கட்டறேன். எனக்கும் வீடு இருக்கு, எனக்கும் கடை இருக்கு, எனக்கும் வலிக்கும். இருந்தாலும் கட்டறேன்."

"நகரசபைக்கு ஜால்ரா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "எவ்வளவு வாங்கின?" என்றான் இன்னொருவன். முன் வரிசையில் தலைவர் சிரித்துக்கொண்டே கை தட்டத் தொடங்கினார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க தட்டாதீங்க ஐயா. பூட்டினதே நீங்கதான். திறந்து காட்டின அப்புறம்தான் நான் கட்டுவேன். முதல்ல கதவு, அப்புறம் வரி."

தலைவரின் கை நடுவில் நின்றுவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் ஊர் பார்த்தது. ஒரு பக்கத்து ஆதரவையாவது பிடித்துக்கொள்வாள் என்று பார்த்தால், இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொண்டு வந்து ஆம்ப்ளிபையருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தவறான குமிழைத் திருகிவிட்டுச் சரி செய்தாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். எனக்குக் கோபம், பயம், பெருமை எல்லாம் ஒன்றாக வந்தது.

பிறகு ஆணிக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். பிடித்தார் என்றால், ஸ்டாண்டிலிருந்து பிடுங்கி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஸ்பீக்கர் பக்கமே திரும்பி நின்றார். அப்படிச் செய்தால் மைக் என்ன செய்யும்? ஊவென்று ஊளையிட்டது. அவர் கத்தக் கத்த அது இன்னும் கத்தியது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

"விடுங்க அண்ணி," என்றேன். "நல்லா வேணும். ஊளையிடட்டும்."

அண்ணி என்னை முறைத்தாள் பாருங்கள், அந்த முறைப்பை நான் மறக்க மாட்டேன். "பேசறவங்க குரல் கேக்கணும்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவர் கையை மெதுவாகக் கீழே இறக்கி, "இங்க புடிங்கய்யா, இப்படி திரும்பி நில்லுங்க" என்றாள். ஸ்பீக்கரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். திரும்பி வந்து குமிழைத் திருகினாள். ஊளை நின்றது.

அதன் பிறகு அவர் பேசினார். அண்ணியைப் பற்றித்தான் பேசினார். நன்றி கெட்டவள் என்றார். இவள் போன்றவர்களால்தான் கடைக்காரன் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றார். கழிப்பறை பெயரைச் சொல்லி நாளைக்கு எல்லாவற்றுக்கும் வரி கேட்பார்கள் என்றார், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் கணீரென்று மண்டபத்திலும் நாலு தெருவிலும் கேட்டது. சங்கத்து ஆண்டு விழாவில்கூட அவர் குரல் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. தன்னைத் திட்டுகிறவனுக்குத் தன் கையாலேயே சத்தம் சரி செய்துவிட்டு, தலையைச் சாய்த்து, கரகரப்பு ஏதாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என் அண்ணி. இவள் என் வீட்டுப் பெண் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் அதற்கும் முறைத்திருப்பாள்.

அவர் பேசி முடிக்கும் நேரத்தில் வாசலில் சலசலப்பு. ஆணிக்கடைக்காரரின் மனைவி உள்ளே வந்தார். கடையில் பணம் வாங்கிப் போடும் மேஜையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பவர். நாங்கள் ஆணிக்கடை அக்கா என்போம். கையில் கடைச் சாவிக் கொத்து. அவருக்குப் பின்னால் பழக்கடைக்காரி, தையல் கடைப் பெண்கள், பஸ் டிக்கெட் கொடுக்கும் அம்மா, இன்னும் யார் யாரோ. குழாயில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடையை இழுத்து மூடிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"கடைய யார் பாத்துக்கறா?" என்று ஆணிக்கடைக்காரர் மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"பூட்டிட்டேன்" என்றார் அக்கா. அவருக்கு மைக் தேவைப்படவில்லை. "அந்தப் பொண்ணை ஏங்க திட்டறீங்க? நானும்தான் கடையில உக்காந்தா தண்ணியத் தொடறதில்ல. இத்தனை வருஷத்துல நீங்க ஒரு நாளாவது ஏன்னு கேட்டீங்களா?"

ஆணிக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வந்த பெண்களுக்கு நாற்காலி இல்லை. சுவரோரமாக நின்றுகொண்டார்கள்.

கை தூக்கும் நேரம் வந்தது. நகரசபை சொன்னபடியே வரி ஏறட்டும் என்பதற்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கை எழுந்தது. வரியே ஏறக்கூடாது என்பதற்கு நிறையக் கை. உடனே பஸ் டிக்கெட் அம்மா, "மைக் செட்டம்மா சொன்ன மாதிரி, முதல்ல கதவு, அப்புறம் வரி. அதுக்கும் கேளுங்க" என்றார். தலைவர் வேறு வழியில்லாமல் கேட்டார். சுவரோரம் முழுக்கக் கை எழுந்தது. அப்புறம் நாற்காலிகளில் அங்கங்கே, முதலில் ஏறக்கூடாது என்று தூக்கிய கைகளே சில, தயங்கித் தயங்கி. பக்கத்தில் மனைவி நிற்பதைப் பார்த்துத் தூக்கிய கைகளும் உண்டு, அதையும் மறைப்பானேன். எண்ணினார்கள். மயிரிழையில்தான், ஆனால் அதுதான் ஜெயித்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டை உடைத்துத் திறந்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், கூட்டிக் கழுவ ஒரு அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். வாளி ஒன்று ஓட்டை, இன்றும் ஓட்டைதான், ஆனால் கதவு தாழ்ப்பாள் விழுகிறது. பிறகு வரி ஏறியது. கட்டும்போது எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது, வாய்விட்டுத் திட்டினேன். அண்ணி முதல் ஆளாகப் போய்க் கட்டினாள். சங்கம் சொன்னதைச் செய்தது. வேறு ஊரிலிருந்து மைக் செட் வரவழைத்தார்கள். எங்கள் வீட்டில் பல மாதம் ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு வேளைக்கு இழுத்தோம். அண்ணன் இரண்டு குழாய்களை விற்றான். மெல்ல மெல்ல மற்ற வேலைகள் வந்தன, மூச்சு விட்டோம். அண்ணியை 'வரி ஏத்தினவள்' என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் காதில் விழுகிற மாதிரி சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும்.

ஆனால் அந்தப் பெருமையெல்லாம் ஒரு பக்கம். நான் சொல்ல வந்தது கூட்டம் கலைந்த அந்தச் சாயங்காலத்தைப் பற்றி.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. அண்ணன் மாடியில் குழாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி தரையில் குந்தி வயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஆணிக்கடைக்காரர் தனியாக வந்து அவளுக்கு முன்னால் நின்றார். பின்னால் ஆட்கள் இல்லை. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கும். அந்தக் கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

"ஜெயிச்சிட்டதா நினைக்காதே," என்றார். "சொன்னா சொன்னதுதான். இன்னையோட சங்கத்துக்கும் உனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எங்க கடை வாசல்ல இனிமே உன் வயர் ஒரு முழம் விழாது. நாளைக்கு வந்து கெஞ்சினாலும் கிடையாது. புரியுதா?"

என் கையிலிருந்த ஸ்டாண்டை நான் கீழே வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அண்ணி தலை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. காலையிலிருந்து வேலை செய்த களைப்பு மட்டும் இருந்தது.

"புரியுதுங்க," என்றாள். "காலைக் கொஞ்சம் எடுங்க. என் வயர் மேல நிக்கறீங்க."

அவர் குனிந்து பார்த்தார். காலை எடுத்தார். அண்ணி மிச்ச வயரையும் இழுத்துச் சுருட்டிக் கட்டினாள்.